காயம்பட்ட கண்ணுக்கு ஒருமுறைக் குப்பி

மருந்து விதிகளின் 'எஃப்எஃப்' அட்டவணை கண்ணில் விடப்படும் திரவங்கள் எவ்வாறு இருக்க வேண்டும் என்று வகுத்துக் கூறுகிறது. சொட்டு மருந்துகளில் கிருமி வளராமல் தடுக்கும் பதனப் பொருள் ஏதேனும் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும் என்று பொதுவிதி செய்துவிட்டு, அறுவைச் சிகிச்சையில் பயன்படும் திரவத்துக்கு மட்டும் அது ஒரு விலக்கு அளிக்கிறது. அத்திரவத்தில் பதனப் பொருள் எதுவும் சேரக் கூடாது. அதை ஒரே தடவைக்கான குப்பியில்தான் அடைக்க வேண்டும். கத்தி பட்ட கண்ணுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி இல்லை என்பதும், கிருமியைக் கொல்லும் பொருளே அந்நிலையில் கண்ணுக்கும் விஷமாகக்கூடும் என்பதும் இவ்விலக்குக்கு ஆதாரமான நியாயங்கள். சுண்ணாம்பு தெறித்து வெந்த கண்ணுக்கும் அமிலம் பட்டு மேற்படலம் உரிந்த கண்ணுக்கும் இதே நியாயம் ஏன் பொருந்தாது என்று நாம் கேட்கிறோம். பொருந்தும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். ஆகவே, காயம்பட்ட கண்ணைக் கழுவுவதற்கென்று விற்பனையாகும் நீர் எதுவாயினும், அது முத்திரையிட்ட, கிருமி நீக்கிய, ஒரே தடவை உபயோகத்துக்கான குப்பியில்தான் வர வேண்டும் என்று சட்டமே விதிக்க வேண்டும்.

கருவிழியின்மேல் உள்ள மெல்லிய படலம் சிதையாமல் இருக்கும் வரையில், கண்ணீரும் இமையும் ஓயாது செய்யும் கழுவலே கண்ணுக்குப் போதிய காவல். அந்தப் படலம் கீறிப்போன கணத்திலேயே அக்காவல் தளர்ந்துவிடுகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் கிருமி, வேறு ஆகாரம் எதுவும் இல்லாத வடித்த நீரிலும்கூடப் பிழைத்துப் பெருகும் தன்மை வாய்ந்தது; கீறிய கருவிழியை அடைந்தாலோ, அதன் திசுவையே கரைக்கும் நொதிகளைச் சுரந்து, ஓரிரண்டு நாட்களுக்குள் பார்வையைப் பறித்துவிடக் கூடியது. 1997ஆம் ஆண்டில் பிரசுரமான மதுரை ஆய்வொன்று 434 கருவிழிப் புண் நோயாளிகளைப் பரிசீலித்தது. அவர்களில் சுமார் 65 சதவீதம் பேருக்கு முதலில் நேர்ந்தது கண்ணில் பட்ட காயமே. அக்காயங்களும் பெரும்பாலும் வயல் வேலையில் பட்டவை. காயத்தின் வழியே கிருமி புகுகிறது என்றால், அந்தக் காயத்தை எந்த நீரால் கழுவுகிறோம் என்பது அற்ப விஷயமாக இருக்க முடியாது.

வைத்திய உலகம் இந்தப் பாடத்தை முன்னமே ஒரு தடவை கற்றுக்கொண்டிருக்கிறது. கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று அறிய டாக்டர்கள் ஃபுளோரசீன் என்னும் மஞ்சள் சாயத்தைக் கண்ணில் இடுவது வழக்கம்; முற்காலத்தில் அது கரைசலாகக் குப்பியில் இருந்து, ஒருவர் பின் ஒருவராகப் பல நோயாளிகளுக்கும் விடப்பட்டு வந்தது. கீறல் உண்டோ என்று சந்தேகப்பட்ட கண்களிலேயே சூடோமோனாஸ் செழித்து வளரும் கரைசலை விட்டுக்கொண்டிருந்த இந்த விபரீதம் தெரிய வந்தபின், 1951ஆம் ஆண்டில், சாயம் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டை ஒரு நோயாளிக்கு ஒன்றாக உபயோகிக்கும் முறை பிரசுரமாயிற்று. இன்று உலகெங்கும் அதுவே நடைமுறை. சாயக் குப்பியை ஒழித்த நாம் கழுவும் நீரின் குப்பியை மட்டும் இன்னும் பலர் கைக்கும் பல நாளைக்கும் பொதுவாக வைத்திருப்பது எந்தத் தர்க்கத்துக்கும் அடங்காதது.

2023ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நம் மாநிலம் அவ்வளவு சுலபமாக மறந்துவிடலாகாது. அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேருக்கு, மருந்துகளுக்கு எளிதில் அடங்காத ஒரு சூடோமோனாஸ் தொற்று ஏற்பட்டதென்றும், அவர்களில் 4 பேர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர், 4 பேருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது என்றும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. நோயாளிகள் மிகப் பெரும்பாலும் பெயர் குறிப்பிட்ட செயற்கைக் கண்ணீர், சென்னையை அடுத்த ஒரு தொழிற்சாலையில் தயாரானது. அந்தக் குப்பிகள் பல தடவை திறந்து மூடும் வகையைச் சேர்ந்தவை. ஆயினும் உள்ளே இருந்த திரவத்தில் போதிய பதனப் பொருள் இல்லை என்பதையே அமெரிக்க மருந்து நிர்வாகம் தன் குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக வைத்தது. நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரிகளில் கிருமி காணப்படவில்லை என்று பிற்பாடு செய்தி வந்தது. அதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. நமக்கு அந்த நிம்மதி ஏற்படவில்லை. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட குப்பி பரிசுத்தமாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், மூடியைத் திறந்த முதல் நாளோடு அந்தப் பரிசுத்தத்துக்கு உத்தரவாதம் முடிந்துவிடுகிறது. நுனி இமையில் படுகிறது, விரல் நுனியில் படுகிறது, மேஜையில் உருள்கிறது. தடுக்கும் மருந்தில்லாத திரவத்தில் புகுந்த ஒரு கிருமி மறுநாள் எத்தனை ஆயிரமாகும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சிசாலை வேண்டியதில்லை. பதனப் பொருள் இல்லையென்றால் ஒருமுறைக் குப்பி, பலமுறைக் குப்பியென்றால் பதனப் பொருள் என்று இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். வடிகட்டியும் அடைப்பிதழும் பொருத்திய நவீனக் குப்பிகள் மூன்றாவது வழியொன்று காட்டுகின்றன என்பது மெய்யே. ஆனால் அவை நாளொன்றுக்கு நாலு சொட்டு விடுவதற்கு ஏற்றவை, அரை லிட்டர் நீரை ஒரே மூச்சில் கண்ணில் பாய்ச்சுவதற்கு ஏற்றவை அல்ல.

இந்த அரை லிட்டர் விஷயத்தில் நம் தொழிற்சாலைகளின் நிலை என்ன? ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தொட்டிகளில் மனிதர்கள் தினந்தோறும் வேலை செய்கிறார்கள்; சாயப்பட்டறைகளில் காஸ்டிக் சோடா கையாளாத நாள் இல்லை. அமிலம் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் மேற்பரப்பின் புரதத்தை உறையச் செய்து, தன் வழியைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும்; காரமோ கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கண்ணைக் காக்கக் கண்ணாடியும் திரையும் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு வகை செய்தது. 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வேண்டும் என்று 45ஆம் பிரிவு கூறிற்று. அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு உள்ளவர்கள் பார்க்கட்டும்: பஞ்சு, அயோடின், பாதி தீர்ந்த ஒரு கண் மருந்து, அதன் பக்கத்தில் காலாவதித் தேதி அழிந்துபோன ஒரு பிளாஸ்டிக் குப்பி என்பதே பல இடங்களில் காணும் காட்சியாக இருக்கும்.

தொழிற்சாலையோடு இந்த அபாயம் நின்றுவிடுவதும் இல்லை. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை விளையாட்டாக அழுத்த, அது வெடித்துக் கண்ணில் பாய்வது இந்தியக் கண் வைத்தியர்கள் திரும்பத் திரும்ப எழுதி எச்சரித்துவரும் விபத்து. அத்தகைய குழந்தையை எடுத்துக்கொண்டு ஓடும் தாய் சேரும் முதல் ஆஸ்பத்திரியில் இமையைப் புரட்டிச் சுண்ணாம்புத் துணுக்குகளை அகற்றிவிட்டு, சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு நீண்ட நேரம் கழுவ வேண்டும். அந்த சலைன் பாட்டில் உடைக்காத புதியதாக இருக்க வேண்டும். காலையில் ஊசி குத்தித் திறந்த பாட்டிலில் மீந்ததை மாலை நோயாளிக்கு உபயோகிப்பதைச் சிக்கனம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம்முடைய வீடுகளிலும் இதே சிக்கனம்தான் ஆட்சி செலுத்துகிறது: மெட்ராஸ் ஐ வந்தால் ஒரே சொட்டு மருந்துக் குப்பி பாட்டியிலிருந்து பேரன் வரை சுற்றிவந்து, அடுத்த வருஷத்துக்கென்று அலமாரியில் ஏறிக்கொள்கிறது. சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் அது அரிசிப் பானையோடு நிற்பதே உத்தமம்.

ஒருமுறைக் குப்பி செய்வது நமக்கு எட்டாத வித்தையா என்றால், அல்ல. பிளாஸ்டிக்கை உருக்கிக் குழலாக இறக்கி, அச்சில் ஊதிக் குப்பியாக்கி, அது ஆறுமுன்பே திரவத்தை நிரப்பி, வாயையும் உருக்கி மூடிவிடுவது ஒரே யந்திரத்துக்குள் சில விநாடிகளில் முடியும் காரியம். இடையில் மனிதனின் கை படுவதே இல்லை. 1960களில் ஜெர்மனியில் வளர்ந்த இந்த முறையை நம் நாட்டுச் சலைன் தொழிற்சாலைகள் நெடுநாளாகக் கையாண்டு வருகின்றன. அரை மில்லிலிட்டருக்கும் குறைவான சொட்டுகளை அடக்கிய, திருகினால் தலை ஒடியும் சின்னக் குப்பிகள் முதல் அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்கள் வரை இதே யந்திரங்களில் வார்க்கலாம். தலை ஒடிந்த குப்பிக்குத் திரும்ப மூடி கிடையாது. மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டும் என்ற சபலத்துக்கு அது இடமே தருவதில்லை. உபதேசத்தால் ஆகாததை உருவத்தால் ஆக்கிவிடுகிறது என்பதே இந்தக் குப்பியின் பெரிய யோக்கியதை.

இனி ஆட்சேபங்கள். குழாய்த் தண்ணீர் போதாதா என்பது முதல் ஆட்சேபம். இதை நாம் இலேசாகத் தள்ளவில்லை. ரசாயனம் பட்ட கணத்தில் கைக்கெட்டும் சுத்தமான தண்ணீர் எதுவோ அதுவே உத்தமமான மருந்து. குப்பியைத் தேடிக்கொண்டு ஒரு நிமிஷத்தைப் போக்குவது பேதைமை. நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 15 நிமிஷம் கழுவ வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. கணக்கிட்டால் 22 லிட்டருக்குமேல் ஆகிறது. அதை ஒரு லிட்டர் பாட்டில் ஈடுகட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே நாட்டின் தொழிற் பாதுகாப்பு இலாகா, கண் கழுவும் குழாய்களில் தேங்கிக் கிடக்கும் நீரில் சூடோமோனாஸும் அக்காந்தமீபாவும் வளர்வதாக எச்சரித்திருப்பதும், அக்குழாய்களை வாரந்தோறும் திறந்து ஓடவிட வேண்டும் என்று தரவிதி கூறுவதும் கவனிக்கத் தக்கவை. வாரந்தோறும் திறந்துவிட ஆளும் இல்லாத, பல வேளைகளில் குழாயில் தண்ணீரும் இல்லாத பட்டறைகள் நம்மிடம் எத்தனை! வரப்பில் நிற்கும் உழவனுக்கும், மேம்பாலத்தில் வெல்டிங் செய்பவனுக்கும், ஆம்புலன்ஸில் போகும் குழந்தைக்கும் குழாய் எங்கே? குழாயைச் சேரும் வரையிலும், குழாயை விட்டு ஆஸ்பத்திரியைச் சேரும் வரையிலும் உள்ள இடைவெளிக்கே முத்திரைக் குப்பி வேண்டும் என்கிறோம்.

பிளாஸ்டிக் குப்பை என்பது இரண்டாவது ஆட்சேபம். ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைசெய்த மாநிலம் நம்முடையது. அந்தத் தடையை நாம் முழு மனதோடு ஆதரித்தவர்கள். ஆனால் தேநீர்க் கோப்பையையும் உறிஞ்சு குழலையும் விட்டுவிட்டால் யாருக்கும் கண் போவதில்லை. ஊசியையும் அதன் குழலையும் ஒரு தடவைக்குமேல் உபயோகிக்கலாகாது என்று எந்தக் காரணத்தால் ஒப்புக்கொண்டோமோ, அதே காரணம் இங்கேயும் முழுமையாக இருக்கிறது. விலை என்ற ஆட்சேபத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: உப்பும் நீரும் அடைத்த பாட்டில் விலையுயர்ந்த சரக்கல்ல, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மனம் வைத்தால் அது இன்னும் மலிவாகவே கிடைக்கும்.

ஆகவே மத்திய சுகாதார அமைச்சகம் எஃப்எஃப் அட்டவணையில் அறுவைச் சிகிச்சைத் திரவத்துக்கு விதித்துள்ள நிபந்தனையைக் காயம்பட்ட கண்ணைக் கழுவும் திரவத்துக்கும் விரிக்க வேண்டும். ஏற்றுமதிக்கென்று தயாராகும் சரக்குக்கும் அந்த விதி அட்சரம் பிசகாமல் பொருந்த வேண்டும். காரமும் அமிலமும் கையாளும் பட்டறைகளின் முதலுதவிப் பெட்டியில் இத்தகைய பாட்டில்கள் இருக்கின்றனவா, காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் பார்க்க வேண்டும். 'ஒரே தடவைக்கு மட்டும். மிச்சத்தைக் கொட்டிவிடவும்' என்ற வாக்கியம் குப்பியின்மீது தமிழிலும், அந்தந்த மாநில மொழியிலும், கண் கலங்கியவனும் படிக்கக் கூடிய எழுத்தில் இருக்க வேண்டும். சட்டம் வரும் வரையில் வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் வீட்டிலோ பட்டறையிலோ முன்பே திறந்து வைத்த கண் கழுவும் நீர் இருந்தால், அதை இன்றே கொட்டிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.