மரவீடும் மலைச்சரிவும்: கொல்லிமலையின் உறைவிட உரிமை

காரவள்ளி வழியே கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே வாழும் மலையாளிப் பழங்குடியினர் காங்கிரீட் வீடு கட்ட வேண்டுமெனில் சிமெண்டும் கம்பியும் இவ்வாறான மலைப்பாதையில்தான் ஏற வேண்டும். எனவே, பாகங்களாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் மரவீடுகள் மலைப்பகுதிக்கு ஏற்றவையா என்னும் வினா பொருளுடையதே. ஆனால், அவ்வினாவைப் பொறியியலோடு நிறுத்திவிடலாகாது.

நிலநடுக்கத்தின்போது கட்டடத்தைத் தாக்கும் விசை அதன் எடையைப் பொறுத்தது. மரவீடு எடை குறைந்தது. அதன் இணைப்புகள் நெகிழ்ந்து அதிர்வை உள்வாங்குகின்றன. 1897 பெரும் நிலநடுக்கத்திற்குப் பின் அசாமில் பரவிய மரச்சட்ட வீடுகளும், 2005 அக்டோபர் 8 காஷ்மீர் நிலநடுக்கத்தைப் பெரிதும் தாங்கி நின்ற 'தஜ்ஜி தேவாரி' வீடுகளும் இதற்குச் சான்று. ஆயினும் இலேசான எடையே புயலில் பலவீனமாகிறது. கூரை, சுவர், அடித்தளம் ஆகிய மூன்றும் உலோகப் பட்டைகளால் பிணைக்கப்படாவிடில் காற்று கூரையைப் பெயர்த்துவிடும். கரையானும் ஈரமும் அண்டாதிருக்க உயர்த்திய அடித்தளமும் பதப்படுத்திய மரமும் இன்றியமையாதவை.

அரசின் கண்ணுக்கோ மரம் தாழ்ந்த பொருள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வகைப்பாட்டில் கல்நார் தகடு நிலையான சுவர்ப்பொருள். மரம் தற்காலிகப் பொருள். மலைவாழ் மக்களின் கட்டுமான அறிவு இவ்வாறு ஏட்டளவிலேயே தகுதி இழக்கிறது.

அதற்காக மரவீட்டைப் பழங்குடிகள்மீதும் தலித்துகள்மீதும் திணிக்கவும் கூடாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். தீப்பற்றாத வீடு வேண்டும் என்னும் தலித் மக்களின் வேட்கைக்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. தடித்த மரம் மேற்புறம் கருகினாலும் உள்வலிமையை நெடுநேரம் காக்கும் என்பது உண்மை. மெல்லிய பலகை அவ்வாறன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தார் அட்டைகளால் எழுப்பப்பட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் மக்கள் வெக்கையில் வாடியதையும் மறத்தலாகாது. 'விரைவில் பொருத்தலாம்' என்பது 'மலிவாக முடிக்கலாம்' என்றாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

இன்னொரு உண்மை இவை அனைத்தையும் விட அடிப்படையானது. நிலச்சரிவின் பாதையில் அமைந்த வீட்டை எப்பொருளும் காவாது. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவார வீடு மண்ணில் புதைந்து எழுவர் மாண்டனர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் 17 தலித்துகளைக் கொன்றது, அவர்தம் வீடுகளை ஒட்டி எழுந்திருந்த உயரமான சுற்றுச்சுவர். எப்பொருளால் கட்டினோம் என்பதற்கு முன், எவ்விடத்தில் வாழ நிர்ப்பந்திக்கப்பட்டோம் என்பதே கேள்வி. பாதுகாப்பான நிலம் சாதிவாரியாகவே பங்கிடப்பட்டிருக்கிறது.

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. பட்டியல் சாதியினரின் வீடுகளுக்காக நிலம் கையகப்படுத்தியது தொடர்பான சமேலி சிங் வழக்கில், உறைவிட உரிமை வாழ்வுரிமையின் கூறு என உச்ச நீதிமன்றம் உரைத்தது. பாதுகாப்பான கட்டமைப்பும் அதனுள் அடக்கம். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 61-ஆவது பிரிவு நிவாரணத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. வன உரிமைச் சட்டம், 2006 வசிப்பிடத்திற்கான உரிமையை ஏற்கிறது. கோரிக்கைகளைப் பெறும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்குகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாத நிலையில், கொல்லிமலை மக்களுக்கு இச்சட்டம் இன்னும் முதன்மையானது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. முதலில் நிலவுரிமை. அடுத்து, சரிவுகளின் நிலச்சரிவு அபாய ஆய்வு தமிழில் கிராம சபைமுன் வைக்கப்பட வேண்டும். வீட்டுத் திட்டத் தொகையில் மலையேற்றும் செலவு தனியே சேர்க்கப்பட வேண்டும். மரமா, காங்கிரீட்டா என்பதைக் குடியிருக்கப்போகும் குடும்பமே தேர்ந்தெடுக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அது நிலையான வீடாகவே ஏற்கப்பட வேண்டும். இவற்றைத் தீர்மானமாக எழுதி அடுத்த கிராம சபையில் வைப்பது மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் உடனே தொடங்கக்கூடிய பணி.