மலை வீட்டின் குளிருக்கு எந்த அடுப்பு?

நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் உறைபனி விழும் காலம் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீடிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையிலும், அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளிலும், வானம் தெளிந்த இரவுகளில் தரைமட்ட வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிடுவதுண்டு. இக்காலத்தில் மலை உழவர்கள் தேயிலைக் கன்றுகளைத் தழை கொண்டு மூடிப் பாதுகாக்கிறார்கள். ஆனால் அதே தோட்டத்து வீட்டில் படுத்திருக்கும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் என்ன ஏற்பாடு என்று பார்த்தால், பல வீடுகளில் ஒரு கரிச்சட்டியைத் தவிர வேறில்லை. இந்நிலை மாறியே ஆக வேண்டும்.

குழாய் வழியாக எரிவாயு வழங்கும் திட்டம் சமவெளி நகரங்களில் பரவி வருகிறது. மலைக் கிராமத்துப் பழைய வீடுகளுக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. விறகு, சிலிண்டர், மின்சாரம், சாண எரிவாயு ஆகியவற்றுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இதில் எது மலிவு என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. உண்மையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. வீட்டின் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை முதலிலும், புகை எந்த வழியாகப் போகும் என்பதை இரண்டாவதாகவும் பார்க்க வேண்டும்.

முதலில் கூரை

சூடான காற்று மேலே எழும். தகரக் கூரையோ, இடைவெளி விட்ட ஓட்டுக் கூரையோ உள்ள பழைய வீட்டில் எவ்வளவு எரித்தாலும் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். ஆகவே அடுப்பு வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் பலகை மச்சு அமைக்கச் செலவிடுவது நல்லது. வீடு முழுவதற்கும் முடியாவிட்டால் முதியோர் படுக்கும் ஓர் அறைக்கு மட்டுமாவது மச்சு போடலாம். சன்னல் சட்டங்களின் இடுக்குகளை அடைத்து, கதவின் அடியில் மணல் நிரப்பிய துணிப்பையை வைத்தால் குளிர்காற்று வெகுவாகக் குறையும். வீடு முழுவதையும் சுமாராகச் சூடாக்குவதைவிட ஓர் அறையை நன்றாகச் சூடாக்குவதே சிக்கனம்.

கரிச்சட்டி வேண்டாம்

மூடிய அறைக்குள் கரி நெருப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்திகள் மலை ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. கரி எரியும்போது புகை வருவதில்லை. அதனால் தீங்கில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். போதிய காற்றின்றிக் கரி கனலும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்வதை அது தடுத்துவிடும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். தூங்குகிறவருக்கு அந்த அறிகுறிகளும் தெரியா. இடுக்குகளை அடைத்த அறையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். எனவே கரிச்சட்டியையும் குமுட்டி அடுப்பையும் படுக்கையறைக்குள் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. நெருப்பு வைத்த அறையில் எவரேனும் மயங்கிக் கிடந்தால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கிச் சென்று, தாமதமின்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

எரிபொருட் கணக்கு

14.2 கிலோ எடையுள்ள ஒரு வீட்டுச் சிலிண்டரில் ஏறத்தாழ 1,55,000 கிலோ கலோரி வெப்பம் அடங்கியுள்ளது. இது சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நன்கு காய்ந்த விறகானால் சுமார் 45 கிலோவில் இதே வெப்பம் உண்டு. ஆனால் விறகின் வெப்பம் முழுவதும் அறைக்கு வருவதில்லை. பழைய பங்களாக்களில் உள்ள திறந்த கணப்பில் பத்தில் ஒரு பங்கு அளவே அறைக்குக் கிடைக்கிறது; மீதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. கதவுள்ள மூடிய இரும்பு அடுப்பில் பத்தில் ஆறு பங்கு வரை கிடைக்கும். ஆகவே ஒரு சிலிண்டரின் வெப்பத்தைப் பெறத் திறந்த கணப்பில் 400 கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். மூடிய அடுப்பிலோ 75 கிலோ போதும். இந்த அளவுகளைத் தம் ஊர் விலையால் பெருக்கிப் பார்த்தால் எது மலிவு என்பது ஒவ்வொருவருக்கும் விளங்கிவிடும்.

சிலிண்டரில் இயங்கும், புகைபோக்கி இல்லாத கணப்பு எளிதானதுதான். எனினும் ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாக அறைக்குள் சேரும். பழைய மண்சுவரில் அது ஈரமாகப் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். அறைக் காற்றும் கெடும்.

2,000 வாட் மின்கணப்பு நான்கு மணி நேரம் எரிந்தால் 8 யூனிட் செலவாகும். மாதத்துக்கு 240 யூனிட். உபயோகம் கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறும் என்பதை மறக்கலாகாது. இத்தகைய கணப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கும். பழைய வீட்டின் 5 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்க நேரும். தனிக் கம்பியும் 15 ஆம்பியர் பிளக்கும் அவசியம். ஹீட் பம்ப் எனப்படும் சாதனம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரவல்லது. வசதியுள்ளவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும்.

சாண எரிவாயுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாள்தோறும் சுமார் 25 கிலோ சாணம் தேவை. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் நன்றாக இயங்கும். 15 டிகிரிக்குக் கீழே வாயு பெரிதும் குறைந்துவிடும். அதாவது குளிர் கூடும் மாதங்களில்தான் வாயு குறையும். சமையலுக்கும், கழிவுச் சாணத்தை கேரட், முட்டைக்கோசு நிலத்துக்கு இடுவதற்கும் இது சிறந்தது. அறையைச் சூடாக்க இதை நம்பக் கூடாது.

எது ஏற்றது?

சொந்தத் தோட்டத்தில் விறகு கிடைக்கும் மலை உழவருக்கு, புகைபோக்கியுடன் கூடிய மூடிய இரும்பு அடுப்பே ஏற்றது. காஷ்மீர், இமாசலப் பிரதேச மலைகளில் 'புகாரி' என்ற பெயரில் இவ்வகை அடுப்பு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. புகைக்குழாய் கூடியவரை நேராகச் சென்று, கூரை முகட்டுக்கு மேல் குறைந்தது இரண்டு அடி உயர வேண்டும். கூரை மரத்தைக் குழாய் தொடக் கூடாது. அடுப்பெரியும் அறையில் வெளிக்காற்று வர ஒரு சிறு துவாரம் திறந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் பனிக்காலத்துக்கு முன் குழாயில் படிந்த கரியைச் சுரண்டி எடுப்பது கட்டாயம்.

பச்சை விறகில் ஏறத்தாழ பாதி எடை நீரே. அதை எரித்தால் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் ஆறு மாதமாவது அடுக்கிக் காயவிட வேண்டும். தேயிலைக் கவாத்தில் கிடைக்கும் தடித்த கழிகளை மட்டும் அடுப்புக்கு எடுத்துக்கொண்டு, இலையையும் சிறு குச்சிகளையும் மண்ணுக்கே விட்டுவிடுவது நல்லது. பட்டா நிலத்து மரமானாலும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். சோலை மரங்களில் கை வைக்கலாகாது. மலை ஓடைகளின் ஊற்று அவற்றின் அடியில்தான் இருக்கிறது.

விறகு இல்லாத வீட்டினர் அறையைச் செப்பனிட்டபின், தனிக் கம்பியில் சிறிய மின்கணப்பு வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

மலைப்பகுதி வீட்டு வசதித் திட்டங்களில் பலகை மச்சும் புகைபோக்கியும் சேர்க்கப்பட வேண்டும். ஊருக்கு ஒரு வீட்டிலாவது மூடிய அடுப்பை அமைத்துக் காட்டினால் மற்றவர்கள் தாமே பின்பற்றுவார்கள். மலை உழவர்கள் ஐப்பசி முடிவதற்குள் கூரையையும் குழாயையும் பார்த்து முடித்து, விறகை உலர்ந்த நிலையில் உள்ளே அடுக்கிவிட வேண்டும்.