எட்டு மணி ஓய்வைத் திருடியவர்கள் யார்?

தோழர்களே!

"கைபேசியை மூடி வை, சும்மா இருக்கப் பழகு, மன அமைதி தானாக வரும்" என்று சில கனவான்கள் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். மலைவாசஸ்தல விடுதிகளில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி மௌனம் பயில்கிறவர்கள் இவர்கள்! தொழிலாளிக்குச் சும்மா இருக்கத் தெரியாதா? அவனைச் சும்மா இருக்க விடாதவன் யார்? அதைக் கேட்டால் மட்டும் இவர்கள் வாய் திறப்பதில்லை.

எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம்! இதற்காக 1886-ல் சிகாகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை உயர்த்தினார். அப்படிப் போராடிப் பெற்ற ஓய்வு இன்று எங்கே போயிற்று?

ஆலைச் சங்கு ஊதி வேலை முடிந்த பிறகும் வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசரின் கட்டளை துரத்துகிறது: "ஆள் குறைவு, அடுத்த ஷிப்டுக்கும் வா!" எப்போது அழைப்பு வருமோ என்று காத்துக் கிடக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? காலணா கிடையாது!

கிராமத்திலே என்ன நடந்தது? நூறுநாள் வேலையில் தினம் இரண்டு முறை படமெடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று 2023 ஜனவரி 1 முதல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. வெயிலில் மண் வெட்டிக் கை காய்த்துப் போனாலும், சிக்னல் இல்லையென்றால் கூலிக்கு ஆபத்து! இணையத்தை விட்டு விலகியிரு என்று அந்தத் தாய்மார்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மிச்ச நேரத்தையாவது விட்டார்களா? மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகம் விழுங்கலாம் என்பதே தங்கள் யோசனையாக இருந்தது என்று ஃபேஸ்புக்கின் முதல் தலைவர் ஷான் பார்க்கரே 2017-ல் ஒப்புக்கொண்டார். விழுங்கிய நேரத்தை விளம்பரக்காரனுக்கு விற்றுக் கோடி கோடியாகக் குவிக்கிறார்கள். நள்ளிரவு வரை திரையைத் தள்ளிக்கொண்டிருந்தவன், விடிந்ததும் கண் எரிய எந்திரத்தின் முன் நிற்கிறான். ஆலையில் உழைப்பைச் சுரண்டுகிறான் ஒரு முதலாளி. திண்ணையில் ஓய்வைச் சுரண்டுகிறான் இன்னொரு முதலாளி!

இது தலைவிதியா? ஒருக்காலும் இல்லை! ஆஸ்திரேலியாவில் வேலை நேரத்துக்குப் பின் முதலாளியின் நியாயமற்ற அழைப்பை மறுக்கும் உரிமை 2024 ஆகஸ்டு 26 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் 12 மணி வேலைக்கு வழி திறந்த 2023-ம் ஆண்டு மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பணிந்து வாபஸ் ஆயிற்று. ஒன்றுபட்டால் முடியும் என்பதற்கு இவை சாட்சி.

தோழர்களே! இரவில் ஒரு மணி நேரமாவது கைபேசியை அணைத்து வையுங்கள். குழந்தைகளோடு பேசுங்கள், படியுங்கள், அமைதியாக உட்கார்ந்து யோசியுங்கள். யோசிக்கும் தொழிலாளியைக் கண்டுதான் முதலாளி நடுங்குகிறான். ஆனால் முதலாளியின் அழைப்பை ஒருவன் தனியாக மறுத்தால் அவன் வேலை போகும். ஊரே சேர்ந்து மறுத்தால் சட்டம் வரும்! ஆகவே சங்கத்தில் திரளுங்கள். வேலை முடிந்தபின் அழைக்காதே! அழைத்தால் கூலி கொடு! சிக்னல் இல்லையென்று கூலியை வெட்டாதே! இவற்றை ஆலை வாசல்தோறும், கிராமந்தோறும் முழங்குங்கள்!

ஓய்வு நமது உரிமை. அதை மீட்டே தீருவோம்!