லூயிஸ்டனில் வாங்க ஒன்றுமில்லை

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு தமிழ் வீட்டில், "சனிக்கிழமை ஒருக்கா அமெரிக்கா போட்டு வருவம்" என்று யாராவது சொன்னால், அமெரிக்காவில் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. நயாகரா ஆற்றைத் தாண்டியதும் மிலிட்டரி ரோட்டில் இருக்கிற அவுட்லெட் மோல்தான் அமெரிக்கா. கொஞ்சம் துணிந்தவர்கள் பஃபலோ மட்டும் போவார்கள். அங்கேயும் இன்னொரு மோல். விடியப் புறப்பட்டு, பாலத்தில் வரிசையில் நின்று, பகல் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி, இருட்டின பிறகு காரின் பின்பெட்டியை மூட முடியாமல் மூடிக்கொண்டு திரும்பி வருவது. வெறுங்கையோடு வந்தால் போனதே வீண். "என்ன வாங்கினீங்கள்?" என்று பாலத்தில் சுங்க அதிகாரி கேட்கிறார், அடுத்த நாள் தொலைபேசியில் சித்தியும் அதையே கேட்கிறார்.

எல்லை கடந்தால் ஏதாவது மிச்சம் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்கிற இந்த நம்பிக்கை கணக்காகவும் தேறாது, பயணமாகவும் தேறாது. கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். எங்கள் ஆட்களுக்கு முதலில் காதில் ஏறுவது அதுதான்.

கனடாவில் வசிப்பவர் 24 மணித்தியாலம் வெளியே நின்றுவிட்டு வந்தால் 200 டொலர் வரைக்கும், 48 மணித்தியாலம் நின்றால் 800 டொலர் வரைக்கும் பொருட்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். காலையில் போய் இரவில் திரும்புகிறவருக்கு விலக்கு பூச்சியம். ஒரு சோடி காலுறைக்கும் சட்டப்படி கணக்குச் சொல்ல வேண்டும். நயாகரா கவுண்டியில் பொதுவாக 8 சதவீதம் விற்பனை வரி கட்டியாகிவிடும். கனடாக்காரர் என்பதற்காக நியூயோர்க் மாநிலம் அதைத் திருப்பித் தருவதில்லை. இக்கரையில் ஒன்ராறியோவின் 13 சதவீதம். உடுப்பு என்றால், தைத்த நாட்டைப் பொறுத்து 18 சதவீதம் வரைக்கும் தீர்வை. பாற்கட்டியை அளவுக்கு மேல் கொண்டுவந்தால் தீர்வை 200 சதவீதத்தையும் தாண்டும். இவ்வளவுக்கும் மேலே நாணயமாற்று. ஸ்காபரோவிலிருந்து போக வர 300 கிலோமீற்றர் அளவில் பெற்றோல். மலிவு என்று அள்ளிய சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால், சில வேளை அதில் ஸ்ரீலங்கா என்று இருக்கும். கட்டுநாயக்காவில் யாரோ ஒரு பெண் தைத்தது.

அதிகாரி பெரும்பாலும் கையைக் காட்டி விட்டுவிடுவார் என்பது உண்மை. அந்தக் கையசைப்பை நம்பித்தான் லாபம் வருகிறது என்றால், அந்த வியாபாரத்துக்குத் தமிழில் கடத்தல் என்று பெயர். மோலின் வாகனத் தரிப்பிடத்தில் சாயங்காலம் ஒரு சுற்று நடந்து பாருங்கள். குப்பைத் தொட்டியைச் சுற்றி வெறும் சப்பாத்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். காரின் கதவைத் திறந்து வைத்து, பல்லாலும் நகவெட்டியாலும் விலைத்துண்டு அறுக்கிற குடும்பங்கள். பிள்ளைக்குப் புதுச் சப்பாத்தை மாட்டி, நிலம் புழுதியாக இருக்கிற இடமாகப் பார்த்து நடக்க விடுவார்கள். சட்டத்தை மதி என்று அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நயாகரா-ஒன்-த-லேக்கில் 2014இல் திறந்த அவுட்லெட் மோல் பெருஞ்சாலையை ஒட்டியே நிற்கிறது. பெயர்ப்பலகைகளில் பல அக்கரையில் இருப்பவைதான். குயின்ஸ்டன் பாலத்துக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

அப்படியானால் ஏன் இந்தப் பிடிவாதம்? காசு காரணமில்லை என்பது என் எண்ணம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த எல்லைக்கு வந்து சேர்ந்த தமிழர் பலர், அமெரிக்கா வழியாகப் பஃபலோவுக்கு வந்து, ஆற்றுப் பாலத்தின் இந்த முனையில் அகதிக் கோரிக்கை வைத்தவர்கள். 1984இல் கத்தோலிக்க கன்னியாஸ்திரிகள் பஃபலோவில் தொடங்கிய வீவ் என்ற இல்லம், கனடாவுக்குப் போகக் காத்திருந்த பல நாட்டு அகதிகளுக்குப் பாயும் சாப்பாடும் கொடுத்தது. 2004 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம் அந்த வழியைப் பெருமளவு அடைத்தது. அந்த ஆற்றை ஒருகாலத்தில் நெஞ்சிடியோடு கடந்தவர், இப்போது கனடியக் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டுக் கடக்கிறார். இனி என்னை யாரும் மறிக்க முடியாது என்பதற்கு அவருக்கு ஒரு சாட்சி வேண்டும். கைநிறையப் பைகள் அந்தச் சாட்சி. இது எனக்கு விளங்குகிறது. விளங்குவதாலேயே ஒப்புக்கொள்ள மாட்டேன். இவ்வளவு கதை உள்ள ஒருவர், தன் கதையைப் போலவே கதை உள்ள ஓர் ஊரைப் பத்து நிமிடத் தூரத்தில் விட்டுவிட்டு, கடைக்குள் நின்று பகலைக் கழிப்பதுதான் என்னை எரிச்சல்படுத்துகிறது.

அந்த ஊர் லூயிஸ்டன். மோலிலிருந்து காரில் பத்து நிமிடம்தான். 405ஆம் நெடுஞ்சாலை முடிகிற பாலத்தின் பெயரிலேயே பாதி அது. குயின்ஸ்டன்–லூயிஸ்டன் பாலம், 1962இல் திறந்தது. பாலத்தில் நிற்கும்போது ஆட்கள் கைத்தொலைபேசியில் தள்ளுபடி விலை பார்க்கிறார்கள். கீழே பார்த்தால், ஆற்றின் இரண்டு கரையிலும் எதிரெதிராக இரண்டு நாட்டு மின்நிலையங்கள் தெரியும்.

சென்டர் ஸ்ட்ரீட் என்ற ஒரே பெரிய தெரு, ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும். காரை ஓரிடத்தில் விட்டால் பிறகு அது தேவையில்லை. 1824இல் கட்டிய ஃபிரொன்டியர் ஹவுஸ் என்ற கல் விடுதி தெருவோரம் நிற்கிறது. நடுவில் சில காலம் அது மக்டொனால்ட்ஸ் கடையாகவும் இருந்தது. 1939இலிருந்து ஒரு ஐஸ்கிரீம் கடை. தெரு முடிகிற இடத்தில் ஆறு. அருவிக்கு அருகே நுரைத்துக் கத்துகிற அதே ஆறுதான், இங்கே பச்சை நிறமாக, சத்தமில்லாமல், ஆனால் பயங்கர வேகத்தில் ஓடும். தோராயமாகப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நயாகரா அருவி விழத் தொடங்கியது இந்த இடத்தில்தான். பாறையைத் தின்று தின்று, 11 கிலோமீற்றர் பின்னுக்குப் போய் இன்றைய இடத்தில் நிற்கிறது. அருவியைக் காட்டத்தான் இலங்கையிலிருந்து வருகிற ஒவ்வொரு விருந்தாளியையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அது பிறந்த இடத்தை எங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இந்த ஊரில் 1813க்கு முந்திய கட்டடம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த வருடம் டிசம்பர் 10இல் அமெரிக்கப் படை எதிர்க்கரையில் நியூவார்க் என்ற ஊரைக் கொளுத்திவிட்டு ஆற்றைத் தாண்டிப் போனது. இன்று குதிரை வண்டியும் பூச்சாடியுமாக நாங்கள் படமெடுக்கிற நயாகரா-ஒன்-த-லேக் அதுதான். டிசம்பர் 19இல் பிரித்தானியப் படை பழிக்குப் பழியாக லூயிஸ்டனைக் கொளுத்தியது. பனியில் ஓடிய சனத்தைக் காப்பாற்றியவர்கள் பக்கத்தில் வாழ்ந்த டஸ்கரோரா பழங்குடி மக்கள். சரியாக 200 வருடம் கழித்து, 2013 டிசம்பர் 19இல், ஊர் அவர்களுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தது. நன்றி சொல்ல 200 வருடமா என்று கேட்கலாம். அதைவிட மோசமான ஒன்று நடுவில் நடந்தது. நயாகரா மின்திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்காக அதே டஸ்கரோரா மக்களின் நிலத்தில் சுமார் 550 ஏக்கரை நியூயோர்க் மின் ஆணையம் எடுத்துக்கொண்டது. அவர்கள் வழக்காடினார்கள், 1960இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பாலத்திலிருந்து தெரிகிற அந்த மின்நிலையம் 1961இல் ஓடத் தொடங்கியது. சிலையையும் மின்நிலையத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஊரைக் கொளுத்தியதையும் நிலம் பறிபோனதையும் எங்கள் ஆட்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆற்றங்கரையில் இன்னொரு சிலைக்கூட்டம். தெற்கிலிருந்து அடிமைத்தனத்தை விட்டு ஓடி வந்தவர்கள் இங்கிருந்து இரவில் படகேறிக் கனடாவுக்குப் போனதன் நினைவாக 2009இல் வைத்தது. அவர்களை ஏற்றிவிட்டவர்களில் ஜோசையா ட்ரையன் என்ற ஊர்த் தையற்காரரும் ஒருவர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இதன் முன் நிறுத்துங்கள். கேள்விகள் தானாக வரும். ஆனால் 'கனடா நல்ல நாடு' என்று சொல்லி அந்த இடத்திலேயே முடித்துவிடாதீர்கள். 1793 மார்ச் 14இல் குளோயி கூலி என்ற கறுப்பினப் பெண்ணை, அவருடைய கனடிய எசமான் கயிற்றால் கட்டி, எதிரே தெரிகிற அந்தக் குயின்ஸ்டன் பக்கத்திலிருந்து படகில் போட்டு, இந்தக் கரையில் விற்பதற்குக் கொண்டுவந்தார். குளோயி கத்தியதைக் கண்டவர்கள் போய் ஆளுநர் சிம்கோவிடம் சொன்னார்கள். அந்த வருடம் ஜூலையில் மேல் கனடாவில் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஏற்கெனவே அடிமையாக இருந்த ஒருவரையும் அது விடுவிக்கவில்லை.

ஓடியவர்கள் ஒரு திசையில் மட்டும் ஓடவில்லை என்பதற்கு இன்னொரு ஆள். வில்லியம் லயன் மக்கென்சி, 1824இல் குயின்ஸ்டனில் பத்திரிகை தொடங்கியவர், 1834இல் ரொறன்ரோவின் முதல் மேயர். 1837இல் கிளர்ச்சி தோற்று, தலைக்கு விலை வைத்த நிலையில், நயாகரா ஆற்றைக் கடந்து பஃபலோவில் தஞ்சம் புகுந்தார். எங்கள் நகரத்தின் முதல் மேயரே பஃபலோவில் அகதியாக இருந்தவர்! ரொறன்ரோவில் எத்தனையோ தமிழர் மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கலாம்; நான் கேட்டதில்லை.

"அங்கை போய் என்ன செய்யிறது, பார்க்க ஒண்டுமில்லையே" என்பார்கள். வாங்க ஒன்றுமில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மறுதரப்பாரும் இருக்கிறார்கள்: மோலுக்குப் போகாமல் 'அழகான குட்டி ஊர்' தேடுகிறவர்கள். அவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. தெருவில் பூச்சாடி எத்தனை, கோப்பிக் கோப்பை எப்படிப் படத்தில் விழும் என்று பார்த்து ஊர் தேர்ந்தால், அது கூரையில்லாத மோல். ஊரைத் தேர்வதற்கு என் கணக்கு வேறு. அங்கே ஏதாவது நடந்திருக்க வேண்டும். நடந்த இடத்தைக் காலால் நடந்து பார்க்க முடிய வேண்டும். பாலத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. லொக்போர்ட் இந்தக் கணக்கில் தேறும்: 1825இல் திறந்த ஈரி கால்வாயைப் பாறையில் படிப்படியாக ஏற்றிய ஐந்து மதகுகள் அங்கே இருக்கின்றன. யங்ஸ்டவுனில் 1726இல் பிரெஞ்சுக்காரர் கட்டிய கோட்டை. ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். மூன்றையும் ஒரே நாளில் பார்க்கிறேன் என்று புறப்படுகிறவர் மோலுக்கே போகலாம், அதே பேராசைதான்.

சிற்றூரின் குறைகளை மறைக்கப் போவதில்லை. பின்னேரம் ஐந்துக்கே கடைகள் பூட்டிவிடும். எங்கள் நாக்குக்குச் சாப்பாடு கிடையாது. மரக்கறிக்காரருக்கு இன்னும் கஷ்டம். ஆட்டிறைச்சி ரோல்ஸ் எல்லையில் வில்லங்கமாகலாம், அதை இக்கரையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். எல்லாவற்றிலும் பெரிய குறை ஊரில் இல்லை, பாலத்தில் இருக்கிறது. சூப்பர் விசாவில் வந்து நிற்கிற அம்மம்மாவின் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். நிரந்தர வதிவிட அட்டையோடு இருக்கிற மருமகனுக்கும் வேண்டும். ஒரே வீட்டில் பாதிப் பேருக்குத்தான் அந்த ஆறு திறந்திருக்கிறது.

2025இன் தொடக்கத்திலிருந்து, வரிச் சண்டையாலும் கனடாவை 51ஆவது மாநிலமாக்கும் பேச்சாலும் வெறுத்துப்போய், அக்கரைக்குப் போவதில்லை என்று பலர் முடிவெடுத்தார்கள். எல்லையில் கைத்தொலைபேசியைக் கேட்பார்களோ என்று பயந்தவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு அந்தக் கோபத்துக்குள்ளும் பழைய நம்பிக்கையைக் காவுகிறவர்களோடு. "இப்ப நாங்கள் அங்கை ஒண்டும் வாங்கிறேல்லை" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு எல்லை அப்போதும் கல்லாப்பெட்டி, இப்போதும் கல்லாப்பெட்டி. முன்பு காசு போட்டார்கள், இப்போது போடவில்லை.

எல்லையை வேறு விதமாகப் பார்க்கிறவர்கள் லூயிஸ்டன் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1926இல் கிளின்டன் ரிக்கார்ட் என்ற டஸ்கரோரா தலைவர் ஒரு சங்கம் தொடங்கினார். இந்த எல்லைக் கோட்டை நாங்கள் போடவில்லை, 1794ஆம் ஆண்டு ஜே உடன்படிக்கைப்படி பழங்குடி மக்கள் இதைத் தடையின்றிக் கடக்கலாம் என்பது அவர்கள் வாதம். 1928இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஏற்றுச் சட்டம் போட்டது. கனடா இன்றுவரை அந்த உடன்படிக்கையை அப்படி ஏற்கவில்லை. 1956இல் கனடிய உச்ச நீதிமன்றமே மறுத்துவிட்டது. அந்த மறுப்புக்கு முன்னும் பின்னும், ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் நயாகரா ஃபோல்ஸில் கூடி, பாலத்தின் மேல் நடந்தே எல்லையைக் கடந்து வருகிறார்கள். வாங்குவதற்கு எதுவுமில்லை, விற்பதற்கும் எதுவுமில்லை. ஒருநாள் பயணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் அந்தச் சனிக்கிழமையைப் பார்க்கட்டும். மோலுக்குப் போகிறவர்கள் அன்றைக்கு வேறு பாலத்தால் போனால் வரிசை குறைவாக இருக்கும்.