நெருப்பை முன்னால் வைத்த கடை

கையில் கொஞ்சம் முதல் சேர்ந்துவிட்டால் எமது இளைஞர்கள் இப்போது முதலில் யோசிப்பது சாப்பாட்டுக் கடையைத்தான். அதிலும் பார்பிக்யூ என்றால் ஆசை அதிகம். ஓர் இரும்பு அடுப்பு, ஒரு மூடை சிரட்டைக்கரி, நாலு மேசை இருந்தால் கடை தயார் என்று நினைக்கிறார்கள். இந்தத் தொழிலின் உண்மையான முதல் வேறொன்று என்பது என் கருத்து. திகனயில் ஒரு கடையில் சாப்பிட்ட பிறகு அது இன்னும் உறுதியாயிற்று.

கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் குண்டசாலை, பல்லேகலை தாண்டினால் திகன. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டைப் பார்க்கப் போகிறவர்களும், மஹியங்கனைப் பக்கம் போய்வரும் வாகனங்களும் இந்த வழியைப் பிடிக்கின்றன. மூவின மக்களும் வந்து உட்காரக்கூடிய இடம். கடையின் பெயரை நான் எழுதவில்லை. இந்தப் பத்தி யாருக்கும் விளம்பரமாகவும் ஆகக்கூடாது, யாருடைய பிழைப்பையும் கெடுக்கவும் கூடாது.

முதலில் சாப்பாட்டைச் சொல்கிறேன். அரைக் கோழி எடுத்தோம். கால் துண்டு நன்றாக இருந்தது. ஆழமாகக் கீறி மசாலா ஏற்றியிருந்தார்கள். எலும்பு வரை வெந்து, ஈரம் போகாமல் இருந்தது. சிரட்டைக்கரி விறகைப் போலப் புகை கக்காது, சூடும் அதிகம். கொழுப்பு சொட்டி எழும் புகை மணம் மட்டும் இறைச்சியில் அளவாக ஏறியிருந்தது. உறைப்பும் எமது நாக்குக்கு ஏற்றது.

நெஞ்சுத் துண்டு அப்படியில்லை. காய்ந்து போயிருந்தது. காரணம் எளிது. காலுக்கும் நெஞ்சுக்கும் ஒரே நேரம், ஒரே சூடு கொடுத்திருக்கிறார்கள். கரியை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கம் இளஞ்சூடாக விட்டால் நெஞ்சை ஒதுக்கி வைத்துப் பக்குவமாக எடுக்கலாம். அவசரத்தில் பெருஞ்சூட்டில் வாட்டுகிற கடைகளில் வெளியே கரிந்து, எலும்பருகே பச்சையாக இருக்கும்; அது இதைவிட மோசம். கோழி உள்ளே 74 பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும். அதைப் பார்க்கும் கருவி பெரிய விலையுமில்லை. வெள்ளைப்பூண்டு சோஸ் கடையிலேயே அடித்தது, நல்லது. சிவப்பு சோஸில் சீனி அதிகம். ரொட்டி ஆறிப்போய் வந்தது.

ஆனால் அந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது தட்டில் இருந்த எதுவுமல்ல. அடுப்பை வாசலிலே வைத்திருந்தார்கள். நின்ற தம்பி, "நானா, எந்தத் துண்டு வேணும், நீங்களே காட்டுங்க" என்றார். பக்கத்தில் நின்ற சிங்களக் குடும்பமும் தங்கள் துண்டைக் கைகாட்டித் தெரிந்தெடுத்தது. மசாலா தடவுவதும், வாட்டுவதும், வெட்டுவதும் எல்லார் கண்முன்னாலும் நடந்தது.

இது ஏன் பெரிய விஷயம்? 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் நடந்ததை வியாபாரிகள் மறக்கக்கூடாது. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி. ஆனால் உண்மை வருமுன் பொய் நாடெல்லாம் சுற்றிவிட்டது. அடுத்த வாரம், மார்ச் 5ஆம் திகதி, இதே திகனயில் எமது கடைகளும் வீடுகளும் பள்ளியும் எரிந்தன. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவரின் மரணம் அதற்கு உடனடிக் காரணமாயிற்று. கையடக்கத் தொலைபேசிகளில் பரவிய வெறுப்பு எண்ணெய் ஊற்றியது. மறுநாள் நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமானது.

கலவரக்காரனைத் திறந்த அடுப்பு தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குற்றம் செய்தவனைப் பிடிப்பது சட்டத்தின் வேலை. ஆனால் வதந்தி கேட்கும் சாதாரண வாடிக்கையாளர் இருக்கிறாரே, அவர் வாரா வாரம் தன் கண்ணால் பார்த்த சமையலைப் பற்றி வரும் பொய்யை இலகுவில் நம்பமாட்டார். அந்த நம்பிக்கைதான் சாப்பாட்டுக் கடையின் உண்மையான முதல். எரிந்த கட்டடத்தைக் கடன் வாங்கியாவது கட்டலாம். நம்பிக்கையைக் கடன் வாங்க முடியாது.

இதற்கு எமக்கு வழிகாட்டல் இல்லாமலில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் கற்பித்த பாடம். எமது கடைகளில் ஹலால் பலகை மேலே தொங்குகிறது. குறையோ உள்ளறையில் இருக்கிறது. அறுத்த முறை ஹலாலாக இருந்து நிறுவை மோசமென்றால், எந்தப் பலகை எம்மைக் காப்பாற்றும்?

நான் சாப்பிட்ட கடையிலும் இந்தக் குறை இருந்தது. விலைப்பட்டியல் கெஷியருக்குப் பின்னால், பார்ப்பவர் கண்ணில் படாத இடத்தில். அரைக் கோழி என்றால் எத்தனை கிராம் கோழியின் அரை என்று எங்கும் எழுதவில்லை. நெருப்பில் வாட்டும்போது கோழி எடை இழக்கும். பச்சை எடையா, வெந்த எடையா என்று சொல்லாமல் விற்றால் வாங்குபவர் மனதில் சந்தேகம் விழும்.

ஆகவே இந்தத் தொழிலில் இறங்கும் சகோதரர்களுக்கு மூன்று விடயங்கள். ஒன்று, விலையை வாசலில் எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டமும் விலையைக் காட்சிப்படுத்தச் சொல்கிறது. தமிழோடு சிங்களத்திலும் எழுதுங்கள். இரண்டு, பச்சைக் கோழியின் எடையைப் பலகையில் போடுங்கள். எடை குறைந்த நாளில் விலையைக் குறையுங்கள். மூன்று, அடுப்பை மட்டும் முன்னால் வைத்தால் போதாது. மசாலா ஊறும் பாத்திரமும், கைகழுவும் இடமும் தெரியட்டும். சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் துடைப்பதை எல்லா நாளும் துடையுங்கள்.

நெஞ்சுத் துண்டு காய்வது ஒரு மாதப் பழக்கத்தில் திருந்திவிடும். ஒளிவுமறைவான கடை எத்தனை வருடம் போனாலும் தானாகத் திருந்தாது. திகனயில் அந்தக் கடைக்கு மீண்டும் போவேன். கால் துண்டு கேட்பேன், அதன் எடையையும் கேட்பேன். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.