ஓடாத ஸ்கிரிப்டும் "எல்லாத்துக்கும் எஸ் கொடு" மாமாக்களும்

வெளியூர் போன குடும்பம் எதை எடுத்தாலும் பொட்டி தட்டுகிற மாமா ஒருத்தர் இருப்பார். ஊரில் அப்பாவோட கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு ஃபைல் ஓடலைன்னு போன் வந்தால் அவரிடம் இருப்பது ஒரே வைத்தியம்தான். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க. ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா திறங்க. என்ன கேட்டாலும் எஸ் கொடுங்க." சில நேரம் ஓடியும் விடும். மாமாவுக்கு நல்ல பேர்.

இந்தப் பதிவு அந்த வைத்தியத்தைத் திட்டுவதற்காக. மாமாக்கள் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. நானும் பொட்டி தட்டித்தான் பிழைக்கிறேன்.

ஸ்கிரிப்ட் என்பது வேறொன்றுமில்லை, கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதிக் கொடுத்த கட்டளைச் சீட்டு. வெறும் எழுத்து. மற்ற புரோகிராமை நோட்பேடில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும்; இதைத் திறந்தால் என்ன செய்யப்போகிறது என்று அதிலேயே எழுதியிருக்கும். படித்துப் பார்க்கக்கூடிய ஒரு ஜாதி ஃபைல் இதுதான். அதைப் படிக்காமல் ஓட்டச் சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓடாமல் நிற்கிறதென்றால் பாதி நேரம் கம்ப்யூட்டர் கெட்டுப் போகவில்லை, யாரோ பட்ட அடியில் வேண்டுமென்றே பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

யார் பட்ட அடி? 2000 மே 4. "ஐ லவ் யூ" என்று தலைப்பு போட்டு ஒரு மெயில் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பியது. கூடவே ஒரு காதல் கடிதம், பெயரின் கடைசியில் "டிஎக்ஸ்டி" என்று இருந்தது. உண்மையில் அதற்கும் பின்னால் இன்னொரு வால், "விபிஎஸ்". விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட்! திறந்தவர்களின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லாருக்கும் அதே கடிதம் போனது, வட்டில் இருந்த படங்களின் மேல் தன்னையே எழுதிவிட்டது. எழுதியவரைக் கண்டுபிடித்தும் தண்டிக்க முடியவில்லை, அப்போது அந்த நாட்டில் அதற்குச் சட்டமே இல்லை.

அந்த இரண்டாவது வால் ஏன் கண்ணில் படவில்லை? விண்டோஸ் 95 காலத்திலிருந்து ஃபைல் பெயரின் வாலை மறைத்து வைப்பதுதான் மைக்ரோசாஃப்ட்டின் பழக்கம். அழகாக இருக்குமாம். இத்தனை அடிக்குப் பிறகு வந்த விண்டோஸ் 11லும் அதே கதைதான். ஆள் யார் என்று நெற்றியில் எழுதியிருப்பதைத் துணி போட்டு மூடிவிட்டு, "தெரியாத ஆளை உள்ளே விடாதீர்கள்" என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நல்ல ஸ்கிரிப்ட் ஓடாததற்கும் பல வீடுகளில் இதே துணிதான் காரணம். நோட்பேடில் எழுதி "பேட்" ஃபைலாக சேமித்ததாக நினைப்போம், அது பின்னால் ரகசியமாக ஒரு டிஎக்ஸ்டி ஒட்டி வைத்திருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். இந்த ஒரு டிக்கை அப்பாவின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் மற்ற வைத்தியம் பாருங்கள்.

2006இல் பவர்ஷெல் வந்தபோது கொஞ்சம் புத்தி வந்திருந்தது. டபுள் கிளிக் செய்தால் ஓடாது. வீட்டு விண்டோஸில் ஸ்கிரிப்ட் ஃபைலே ஓடக்கூடாது என்பதுதான் ஆரம்ப நிலை. மாமா என்ன சொல்வார்? "அன்ரெஸ்ட்ரிக்டட் போடு." ஒரே ஒரு ஃபைல் ஓடுவதற்காக வீட்டுக் கதவையே கழற்றி வைக்கிற யோசனை! "ரிமோட் சைன்ட்" என்று நடுவில் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் நாம் எழுதியது ஓடும், நெட்டில் இறக்கியது கையெழுத்து இல்லாவிட்டால் நிற்கும். எது நெட்டில் வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும் என்றால், இறக்கும்போதே பிரவுசர் ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறது.

நான் இருக்கும் விழிஞ்ஞத்தில் 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, 2025 மே 2 அன்று துறைமுகத்தை முறைப்படி திறந்தார்கள். அங்கே இறங்குகிற ஒவ்வொரு பெட்டிக்கும் எண் உண்டு, எங்கிருந்து வந்தது என்ற காகிதம் உண்டு. நம் ஃபைலுக்கும் அப்படித்தான். படித்துப் பார்த்துத் திருப்தி என்றால் பிராப்பர்ட்டீஸில் "அன்பிளாக்" கொடுத்து அந்த ஒரு சீட்டை மட்டும் கிழிக்கலாம். (பழைய மாதிரி ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஏற்றினால் சீட்டு தானே உதிர்ந்துவிடும். அதனால் சீட்டு இல்லாததெல்லாம் யோக்கியம் என்றும் நம்பாதீர்கள்.)

"அப்பாவுக்கு கோடு படிக்கத் தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியாது. உங்களுக்குத் தெரியுமே! ஃபைலை உங்களுக்கு அனுப்பச் சொல்லிப் படிக்க பத்து நிமிஷம் ஆகுமா? அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்க "எஸ் கொடுங்க" என்று வருஷக்கணக்காகப் பழக்கி வைத்திருக்கிறோம். 2024 முதல் பரவுகிற மோசடி ஒன்று அந்தப் பழக்கத்தைத்தான் அறுவடை செய்கிறது. நீங்கள் மனிதர்தானா என்று கேட்கிற மாதிரி ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்து, கன்ட்ரோல் வி, என்டர் என்று சொல்லும். மூன்றே அழுத்தம், உங்கள் கையாலேயே பவர்ஷெல் கட்டளை ஓடிவிடும். எந்தப் பூட்டும் குறுக்கே வராது, ஏனென்றால் வீட்டுக்காரரே திறக்கிறார். அப்பாவின் கம்ப்யூட்டரில் பேங்க் பாஸ்வேர்டும், ஆதார் ஸ்கேனும், நிலப் பத்திரமும் இருக்கின்றன என்பது மாமாவுக்கு ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். இங்கே கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் படிக்கிறார்கள். ஐடி அட் ஸ்கூல் என்று 2001இல் ஆரம்பித்தது, 2017 முதல் கைட் என்ற பெயரில் நடக்கிறது. உயர்நிலை வகுப்பில் பைத்தான் உண்டு. பிள்ளை பள்ளியில் எழுதியதைப் பென்டிரைவில் கொண்டுவந்து வீட்டு விண்டோஸில் போட்டால் ஓடாது. பைத்தான் அங்கே இல்லவே இல்லை. கறுப்புத் திரையில் பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட்டின் கடை திறக்கும்! வீட்டிலும் லினக்ஸ் போட்டவர்களுக்கு வேறு தொல்லை. பென்டிரைவில் இருக்கிற ஸ்கிரிப்டுக்கு "ஓடலாம்" என்ற அனுமதியை எத்தனை தடவை கொடுத்தாலும் ஒட்டாது, அந்த ஃபார்மட்டில் அதற்கு இடமே கிடையாது. ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி செய்து அங்கே அனுமதி கொடுக்க வேண்டும். நடுவில் விண்டோஸில் திருத்தி சேமித்திருந்தால், டைப்ரைட்டர் காலத்து மிச்சமான ஒரு எழுத்து ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் முதல் வரியிலேயே முறைக்கும். இதில் எதற்காவது எஸ் கொடுத்துப் பாருங்கள் :-)

கடைசியாக, தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருகிற கூத்து. விண்டோஸோடு வருகிற பவர்ஷெல் இன்றைக்கும் 5.1தான். ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளம் இல்லாவிட்டால் அதை யூனிகோடு என்று அது எடுத்துக்கொள்ளாது, பழைய ஆங்கிலக் கணக்கில் படிக்கும். யூனிகோடில் 'ஓ' என்ற எழுத்துக்கு மூன்று பைட். அதில் கடைசி பைட் அந்தப் பழைய கணக்கில் வளைந்த மேற்கோள் குறி. பவர்ஷெல் வளைந்த குறியையும் மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளும். ஆக, இரட்டை மேற்கோளுக்குள் "ஓடு" என்று எழுதினால் முதல் எழுத்திலேயே வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்துப் பிழை கொடுக்கும். 'ஔ'வுக்கும் இதே கதி. "ஓடு" என்று எழுதியதால்தான் அது ஓடவில்லை! ஆன்டிவைரஸை அணைத்தாலும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆனாலும் இது நகராது. நோட்பேடில் சேவ் ஆஸ் போய், கீழே என்கோடிங்கில் "யூடிஎஃப்-8 வித் பாம்" என்று மாற்றி சேமித்தால் ஓடிவிடும். அதே ஃபைலை லினக்ஸுக்குக் கொண்டுபோகிறவர்கள் அந்த மூன்று பைட்டை எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள், அங்கே அது இருந்தால் முதல் வரி புரியவில்லை என்று நின்றுவிடும்.