வாங்க ஒரு பங்கு, வைத்திருக்க மூன்று பங்கு!

2025 ஜூன் 14 இரவு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அழையாத விருந்தாளி ஒருவர் வந்து இறங்கினார். பிரிட்டன் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம்! விலை 11 கோடி டாலர். நம் பணத்தில் 900 கோடி ரூபாய்க்கு மேல். யாருடைய ரேடாருக்கும் எளிதில் சிக்காது என்று உலகமெல்லாம் விளம்பரம் செய்யப்பட்ட சரக்கு, ஐந்து வாரத்துக்கு மேல் நகர முடியாமல் ஊரே பார்க்க நின்றது. நம் சி.ஐ.எஸ்.எஃப். காவலர்கள் அதற்குக் காவல்! ஹைட்ராலிக் கோளாறாம். கப்பலிலிருந்து வந்த ஆட்களால் சரி செய்ய முடியவில்லை. பிரிட்டனிலிருந்து தனி விமானத்தில் நிபுணர் குழு வந்து, ஜூலை 22ல்தான் அது கிளம்பிப் போனது. ஊரைவிட்டுப் போக மனசில்லாத சுற்றுலாப் பயணியாக அதைச் சித்தரித்துக் கேரள சுற்றுலாத்துறையே கேலி விளம்பரம் போட்டது.

நம் இளைஞர்களும் செல்போனில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்தாகிவிட்டதா சகோதரர்களே? இப்போது விஷயத்துக்கு வருவோம்.

இந்த எஃப்-35 விமானத்தைத்தான் இந்தியாவுக்கு விற்க வழி செய்யப் போவதாக, 2025 பிப்ரவரியில் வாஷிங்டனில் பிரதமர் மோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரம்ப் அறிவித்தார். முறையான பேச்சு எதுவும் நடக்கவில்லை என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. நல்லது. ஆனால் "வேண்டாம்" என்று சொல்வது வேறு, "பேச்சு நடக்கவில்லை" என்று சொல்வது வேறு. கடைக்காரன் சரக்கை உள்ளே எடுத்து வைக்கவில்லை!

கணக்கைப் பாருங்கள்!

வியாபாரிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நகல் எடுக்கும் மிஷினைச் சல்லிசாகத் தலையில் கட்டுவான். பிறகு மை அவனிடம்தான், உதிரி பாகம் அவனிடம்தான், மெக்கானிக்கும் அவன் அனுப்புகிற ஆள்தான். வெளி ஆள் கை வைத்தால் உத்தரவாதம் போச்சு! மிஷின் உங்கள் கடையில் இருக்கும், லாபம் அவன் கல்லாவில் விழும்.

எஃப்-35 கதையும் இதுவேதான். 2001ல் லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனிக்கு ஒப்பந்தம் போனது. ஏறத்தாழ 2,500 விமானங்கள் வாங்குவது அமெரிக்காவின் திட்டம். வாங்குவதற்கும் ஆயுள் முழுக்க வைத்துப் பராமரிப்பதற்கும் சேர்த்து மொத்தச் செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டுகிறது. ரூபாய் அல்ல, டாலர்! இதில் பராமரிப்பு மட்டும் 1 லட்சத்து 58 ஆயிரம் கோடி டாலர். 2018ல் இதே பராமரிப்புக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2024ல் சொன்ன கணக்கு இது. விமானங்களை முன்பு திட்டமிட்டதைவிடக் குறைவாகவே பறக்கவிடப் போகிறார்கள், செலவோ ஏறுகிறது!

ஒரு விமானத்துக்கு வருடத்துக்கு 41 லட்சம் டாலருக்குள் பராமரிப்பை முடிப்போம் என்று அமெரிக்க விமானப்படை இலக்கு வைத்திருந்தது. கணக்கு 66 லட்சத்தில் வந்து நின்றது. என்ன செய்தார்கள் தெரியுமா? இலக்கையே 68 லட்சமாக உயர்த்திக்கொண்டார்கள்! நம் கடைக் கணக்குப்பிள்ளை இப்படிச் செய்தால் மறுநாள் வேலையில் இருப்பாரா?

இவ்வளவு கொட்டியும் 2023 மார்ச்சில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து விமானங்கள்தான் கிளம்பும் நிலையில் இருந்தன. விமானத்துக்கு வைத்த பெயர் 'மின்னல்'. ஆனால் இடி மின்னல் உள்ள இடத்திலிருந்து 25 மைல் தள்ளியே பறக்க வேண்டும் என்று 2020ல் அதன் ஒரு ரகத்துக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். நீங்க நான்கு வருடம் ஆனது. 2023 செப்டம்பரில் தென் கரோலினாவில் விமானி குதித்துவிட, ஆளில்லாமல் பறந்துபோன விமானத்தைக் கண்டால் தகவல் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டது ராணுவம். எதிரிக்கு மட்டுமல்ல, சொந்தக்காரனுக்கும் தெரியாத விமானம்!

ஏன் இந்த நிலை? விமானத்தின் தொழில்நுட்ப விவரங்கள் மீதான உரிமையை அரசு தொடக்கத்திலேயே வாங்கி வைக்கவில்லை. அது கம்பெனியின் பிடியில் போய்விட்டது. கொள்முதலில் நடந்த பெரும் தவறு இது என்று 2023ல் அமெரிக்க விமானப்படைச் செயலாளரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் நிறுத்த வேண்டியதுதானே? முடியாது. அதன் பாகங்கள் 45க்கும் மேற்பட்ட மாநிலங்களில் தயாராகின்றன. எந்த உறுப்பினர் தன் தொகுதி ஆலையை மூடக் கை தூக்குவார்? வல்லரசே விழி பிதுங்கும்போது நம் நிலை என்னவாகும்?

சாவி யார் கையில்?

துருக்கியைப் பாருங்கள். 2002 முதல் இந்தத் திட்டத்தில் பங்காளி. பணம் கட்டியது, பாகங்கள் செய்து கொடுத்தது. ரஷ்யாவிடம் எஸ்-400 ஏவுகணைத் தடுப்பு வாங்கியது என்பதற்காக 2019 ஜூலையில் வெளியே தள்ளினார்கள். கட்டிய பணம் சுமார் 140 கோடி டாலர். அதன் பெயரில் தயாரான விமானங்கள் அமெரிக்காவை விட்டு நகரவில்லை. அதே எஸ்-400 நம்மிடமும் இருக்கிறது! 2018ல் ஒப்பந்தம் போட்டு வாங்கியது. நாளைக்கு நம்மிடமும் 'அதைத் தூக்கி எறி' என்று சொல்ல மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அரபு மன்னர்களின் கதை இன்னும் கேவலம். இஸ்ரேலோடு 2020ல் கை குலுக்கிய அமீரகத்துக்கு 50 விமானங்கள் தருவதாக ஆசை காட்டினார்கள். 2021 டிசம்பரில் பேச்சே நின்றுபோனது. 2025 நவம்பரில் சவூதிக்கும் தருகிறோம் என்று டிரம்ப் சொன்னவுடன் நம்மில் சிலருக்குப் பெருமை பொங்கியது! இஸ்ரேலின் ராணுவ மேலாண்மை குறையக் கூடாது என்று 2008லேயே அமெரிக்கா சட்டம் இயற்றி வைத்திருக்கிறது. மன்னர்கள் கொட்டிக் கொடுத்தாலும் இரண்டாந்தரச் சரக்குதான். இஸ்ரேலுக்கோ அமெரிக்க உதவிப் பணத்திலேயே கிடைக்கிறது. 2024 ஜூலை 13ல் காஸாவின் அல்-மவாசியில் தொண்ணூறு உயிர்களைக் குடித்த தாக்குதலில் எஃப்-35 பங்கேற்றதை இஸ்ரேல் விமானப்படையே டென்மார்க் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டது.

சீனாவிடம் இத்தகைய விமானம் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். எல்லையைக் காக்க வேண்டாம் என்று யார் சொன்னது? ரஷ்யாவோடு சேர்ந்து தயாரிக்கிறோம் என்று 2010ல் 29.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு, 2018ல் ஒரு விமானமும் இல்லாமல் வெளியே வந்தோம். நாமே தயாரிக்க 2024 மார்ச்சில் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கும் கணக்கு வேண்டும். கேட்டால் தேசத்துரோகியா? கலீஃபா உமர் (ரலி) அவர்களை மிம்பரில் வைத்தே சட்டைத் துணிக்குக் கணக்குக் கேட்டார்கள்!

எஃப்-35 பேச்சு மறுபடி கிளம்பினால் உங்கள் தொகுதி எம்.பி.யிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நாற்பது வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு? தொழில்நுட்ப உரிமை நமக்கு வருமா? எஸ்-400ஐ என்ன செய்யப் போகிறீர்கள்?